முதலில் பிரான்ஸ், பிறகு சிரியா: லாரன்ஸின் கோட்டை ஆராய்ச்சியைப் படித்தபோது

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் ஆரம்பிக்கும். பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். குறுகலான கிராமத்துச் சாலை, கண்மண் தெரியாத வேகம், எதிரே சைக்கிளில் இரண்டு பேர், அவ்வளவுதான். 1935 மே மாதம் உண்மையிலும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. சைக்கிளில் வந்த பையன்கள் மேல் மோதாமல் இருக்க ஒடித்துத் திருப்பி, விழுந்து, ஆறு நாள் கழித்து இறந்துபோனார் டி. இ. லாரன்ஸ்.

நான் எழுத வந்தது அதற்கு 27 வருடம் முன்னால் அவரே மிதித்த சைக்கிளைப் பற்றி. அதில் போய்ச் சேர்த்த சரக்கை வைத்து அவர் எழுதிய ஒரு புத்தகத்தைப் பற்றியும்.

அரேபியா, ஒட்டகம், வெள்ளை அங்கி எல்லாவற்றுக்கும் முன்னால் லாரன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்த மாணவர். கோட்டைப் பைத்தியம். 1906 கோடையில் நண்பர் ஒருவரோடு பிரித்தானி பகுதியில் சைக்கிள் பயணம். 1907இல் அப்பாவோடு நார்மண்டிப் பக்கம் (அப்பாவும் சைக்கிள் பிரியர்தான்). 1908இல் தனியாக, பிரான்ஸை ஒரு பெரிய வட்டமாகச் சுற்றினார். ல ஆவ்ர் துறைமுகத்தில் இறங்கி, ப்ரோவான், வெஸ்லே, ல புய் வழியாகத் தெற்கே போய், மத்தியதரைக் கடலோரம் ஏக்-மோர்த்தைத் தொட்டு, கார்கசோன் வழியாகத் திரும்பி, ஷார்த்ர் வரை. மொத்தம் ஏறக்குறைய 2,400 மைல், அதாவது 3,900 கி.மீ. வயது 19லிருந்து 20க்குப் போகிற சமயம். அடுத்த வருடம், 1909 கோடையில், சிரியாவிலும் பாலஸ்தீனத்திலும் ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து, சிலுவைப் போர்க்காரர்கள் கட்டிய கோட்டைகளில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து 1910இல் கொடுத்த ஆய்வுக் கட்டுரைக்கு முதல் வகுப்பு கிடைத்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், '12ஆம் நூற்றாண்டின் முடிவு வரை ஐரோப்பியப் போர்க் கட்டடக்கலையில் சிலுவைப் போர்களின் தாக்கம்'. அவர் இறந்த மறுவருடம், 1936இல், கோல்டன் காக்கரல் பதிப்பகம் அதை 'சிலுவைப் போர்க் கோட்டைகள்' என்ற பெயரில் இரண்டு பாகமாக அச்சிட்டது. முதல் பாகம் கட்டுரை. இரண்டாம் பாகம் அந்தப் பயணங்களில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். 1988இல் டெனிஸ் பிரிங்கிள் குறிப்புகள் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டில் மறுபதிப்பு வந்தது. வாங்குவதென்றால் இந்த 1988 பதிப்பைத் தேடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் பிரிங்கிள் லாரன்ஸைத் திருத்திக்கொண்டே வருவார், அதுவே தனி சுவாரஸ்யம்.

தீசிஸ் என்ன சொல்கிறது? அந்தக் காலத்தில் சார்லஸ் ஓமன் போன்ற வரலாற்றாசிரியர்கள் சொல்லிவந்த கதை இது: 11ஆம் நூற்றாண்டு ஐரோப்பியனுக்குக் கோட்டை கட்டத் தெரியாது. மண்மேட்டின் மேல் மரவேலி, கொஞ்சம் பணம் இருந்தால் ஒரு சதுரக் கல்கோபுரம். சிலுவைப் போருக்குக் கிழக்கே போய், பைசாந்தியக் கோட்டைகளைப் பார்த்து வாயைப் பிளந்து, அங்கே கற்றதைத் திரும்பி வந்து கட்டினான். லாரன்ஸ் இதைத் தலைகீழாகத் திருப்புகிறார். சிலுவைப் போர்க்காரர்கள் சொந்த ஊர் வித்தையைத்தான் சிரியாவுக்குக் கொண்டுபோனார்கள், பல காலம் மேற்கைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள், கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை என்கிறார். தன் பேராசிரியர்கள் தலைமுறையையே எதிர்த்து 21 வயசுப் பையன் எழுதியது. தைரியம்தான்.

முதல் வாசிப்பில் நான் முழுக்க லாரன்ஸ் கட்சி. காரணம் எளிது. எதிராளிகள் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள், இவர் இடத்தைப் பார்த்து எழுதுகிறார். நம் மாதிரி ஆட்களுக்கு இது போதாதா? ஒரு கல்வெட்டைத் தேடி வெயிலில் அலைந்து, 'நேரில் பார்த்தேன்' என்று எழுதுகிற எவனுக்கும் லாரன்ஸைப் பிடிக்கத்தான் செய்யும்.

சைக்கிள் அவருக்கு என்ன கொடுத்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரயிலில் போனால் ஊர் வரும், கோட்டை வராது. கோட்டைகள் ஆற்று வளைவின் மேலும், கணவாயின் வாயிலும், யாரும் இப்போது போகாத குன்றின் தலையிலும் இருக்கின்றன. குதிரை வண்டியில் ஒரு கோடையில் மூவாயிரம் கிலோமீட்டர் சுற்றுவது நடக்கிற காரியம் இல்லை. கார் பணக்காரர்களிடம் மட்டும். (அதே 1908இல்தான் ஈடித் வார்ட்டன் காரில் பிரான்ஸைச் சுற்றியதைப் புத்தகமாக வெளியிட்டார். அழகான புத்தகம். ஆனால் அதில் நிலம் ஒரு காட்சி. லாரன்ஸுக்கு அது மூச்சு வாங்குகிற ஏற்றம்.) சைக்கிள்காரன் முந்தாநாள் பார்த்த கோபுரம் இன்னும் கண்ணில் இருக்கும்போதே அடுத்த கோபுரத்தின் முன்னால் போய் நிற்கிறான். இரண்டையும் ஒப்பிட அவனுக்குப் புகைப்படம் தேவையில்லை. ஓமன் காலத்துக் கதையை உடைக்கத் தேவைப்பட்ட முக்கியமான ஆதாரமே இந்த வகைதான். வட்டக் கோபுரம் கிழக்கிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ப்ரோவான், ஊடான், எத்தாம்ப் போன்ற பிரெஞ்சு ஊர்களில் 12ஆம் நூற்றாண்டின் முதல் ஐம்பது அறுபது வருடத்திலேயே உள்ளூர்க்காரர்கள் சதுரத்தை விட்டு விலகி எண்கோணம், வட்டம், நான்கிதழ்ப் பூ என்று விதவிதமாகக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். யாரோ வந்து சொல்லிக்கொடுக்கக் காத்திருந்தவர்கள் செய்கிற வேலை அல்ல இது.

இதெல்லாம் படித்த கொஞ்ச நாளில், அலுவலக வேலையாக ஒரு வாரம் பாரிஸில் இருக்க நேர்ந்தது. ஒரே ஒரு ஞாயிறு சொந்தம். சேன்-லசார் ஸ்டேஷனில் ரயில் ஏறி வெர்னோனில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, சேன் ஆற்றின் வலது கரையோடு ஷாத்தோ கயார் வரை போனேன். 25 கிலோமீட்டருக்குள்தான். லாரன்ஸ் ஒரு நாளில் 150 தாண்டி மிதித்தவர். நான் பத்தாவது கிலோமீட்டரிலேயே சீட்டைச் சபிக்க ஆரம்பித்தேன். பாதை சமதளம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆப்பிள் மரங்களும் கல் சுவர் வீடுகளும். திடீரென்று வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் எழும்ப ஆரம்பிக்கும். அவற்றில் ஒன்றின் தலையில், பாறையின் அதே நிறத்தில், கோட்டை.

ஷாத்தோ கயார் லாரன்ஸ் வாதத்தின் இதயம். இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்ட், மூன்றாம் சிலுவைப் போரிலிருந்து திரும்பி வந்து, 1196லிருந்து 1198க்குள் கட்டியது. பழைய கதைக்காரர்களுக்கு இது கைக்கு வந்த கனி: பாருங்கள், கிழக்கே போனான், பார்த்தான், வந்தான், கட்டினான். 1907இல் இங்கே வந்த லாரன்ஸ், விற்கிற போஸ்ட்கார்டுகள் படுமோசமாக இருந்ததால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் படம் எடுத்துத் தள்ளியிருக்கிறார். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கட்டியவன் மேல் அவருக்கு வந்த மரியாதையும் அதே கடிதத்தில் தெரியும்.

நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம். ஆற்றங்கரையிலிருந்து பார்க்கும்போது இந்தக் கோட்டையை யாராலும் பிடிக்க முடியாது என்று தோன்றும். ஊரைச் சுற்றிப் பின்பக்கச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனால் (ஓட்டவெல்லாம் முடியாது, பொய் சொல்ல விரும்பவில்லை) ஒரு மேட்டுக்கு வந்து சேர்வோம். அங்கிருந்து பார்த்தால் கோட்டை நமக்குக் கீழே இருக்கிறது. கோட்டை நிற்கிற பாறை முனை இந்த மேட்டோடு மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரி வந்தால் இந்த வழியாக மட்டுமே வர முடியும். அதனால்தான் ரிச்சர்ட் இந்தத் திசையில் ஒரு முக்கோண முன்கோட்டை, பிறகு அகழி, பிறகு நடுக்கோட்டை, அதற்குள் அகழியோடு உள்கோட்டை, கடைசியில் தலைமைக் கோபுரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறார். இந்த வரிசையைக் கிழக்கே போய்க் கற்க வேண்டியதில்லை. இந்த மேடே அதைச் சொல்லிக்கொடுக்கும். லாரன்ஸ் சரி என்று என் முழங்கால்கள் சொல்லின. ராஜா பிலிப்பின் படை 1203இல் வந்ததும் இந்த மேட்டுக்குத்தான். 1204 மார்ச்சில் கோட்டை விழுந்தது. நடுவில் வந்த குளிர்காலத்தில், உள்ளே சாப்பாடு போதாமல் வெளியே துரத்தப்பட்ட ஊர்மக்கள், இரு தரப்பும் விடாமல், சுவருக்கும் முற்றுகைக்கும் நடுவே பட்டினியில் செத்தார்கள். அளவெடுக்கிற தீசிஸில் இதற்கு இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சரிவில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனசில் ஓடியது.

பிறகு தலைமைக் கோபுரத்துக்குப் போனேன். என் கட்சி மாறியது அங்கேதான்.

கோபுரத்தின் வெளிச்சுவரில் முட்டுத்தூண்கள் இருக்கின்றன. கீழே ஒடுங்கி, மேலே போகப் போக அகலமாகிற தூண்கள். முன்பு அவற்றின் தலையை வளைவுகள் இணைத்திருந்தன. வளைவுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட சந்து வழியாக, அடியில் வந்து நிற்கிற எதிரியின் தலையில் நேராகக் கல் போடலாம். இந்த ஏற்பாட்டைக் கல்போடும் மாடம் என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் அதுவரை இதே வேலைக்குச் சுவருக்கு வெளியே மரப்பரண் கட்டுவார்கள். மரம் எரியும், கல் எரியாது. இங்கே வளைவுகள் இப்போது இல்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டையை இடிக்கச் சொல்லி உத்தரவாகி, கல்லை அக்கம்பக்கத்துத் துறவி மடத்தார் எடுத்துப் போனார்கள். தூண்களின் அடிப்பகுதியை வைத்து மேலே இருந்ததை ஊகிக்க வேண்டியதுதான்.

இந்த மாடத்தைக் கல்லில் கட்டும் யோசனை எங்கிருந்து வந்தது? இது பிரான்ஸிலேயே வளர்ந்தது என்கிற கட்சியில்தான் லாரன்ஸ். ஆனால் சிரியப் பாலைவனத்தில், பல்மைராவுக்கு வடகிழக்கே, கஸ்ர் அல்-ஹைர் என்கிற உமையாக்கள் காலத்துக் கட்டடம் ஒன்று இருக்கிறது. காலம் 728-729. அதன் வாசல்களுக்கு மேலே கல்லால் ஆன கல்போடும் மாடங்கள் உள்ளன. ரிச்சர்டுக்கு 460 வருடம் முன்னால். கெய்ரோவில் 1087இல் கட்டிய பாப் அல்-நஸ்ர் வாசலிலும் இருக்கிறது. அது முதல் சிலுவைப் போருக்கே முந்தியது. இதையெல்லாம் சேர்த்து வைத்துக் கிரெஸ்வெல் என்ற கட்டடக்கலை ஆய்வாளர் பிற்பாடு இந்த விஷயத்தை ஏறக்குறைய முடித்துவைத்தார். 1909இல் லாரன்ஸ் போன வழியில் பாலைவனத்து அந்தக் கட்டடம் இல்லை, கெய்ரோவும் இல்லை. ஆர்மீனியர்கள் கோட்டையாகக் கட்டிக் குவித்த சிலிசியாவும் இல்லை. பட்டியலில் இருந்தது சிலுவைப் போர்க்காரர்களின் கோட்டைகள். ஐரோப்பியர்கள் கட்டியதை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, ஐரோப்பியச் சாயல்தான் தெரிகிறது என்று முடிவு சொல்வதில் ஏதோ இடிக்கிறது அல்லவா?

என்னுடைய பெரிய ஆட்சேபம் இதுவும் இல்லை. எல்லா இடத்தையும் எவனாலும் பார்க்க முடியாது. பார்த்த வரிசைதான் உறுத்துகிறது. மூன்று கோடை பிரான்ஸில் சைக்கிள், பிறகு ஒரு கோடை சிரியாவில் நடை. கண் பழகியது பிரெஞ்சுக் கல்லில். அந்தக் கண்ணோடு சிரியாவில் ஒரு சதுரக் கோபுரத்தைப் பார்த்தால், 'இதை அங்கே பார்த்தேனே' என்று தோன்றாமல் என்ன செய்யும்? ஒன்று இன்னொன்றைப் போல இருக்கிறது என்பதைக் கண் சொல்லும். எது எதைப் பார்த்துச் செய்தது என்பதைச் சொல்லாது. அதற்குத் தேதி வேண்டும். தேதிக்கு ஆவணமோ அகழாய்வோ வேண்டும். லாரன்ஸிடம் பல இடங்களில் தேதி இல்லை. பாணியைப் பார்த்துத் தேதி சொல்கிறார், அந்தத் தேதியை வைத்துப் பாணி எங்கிருந்து வந்தது என்கிறார். கட்டுரையில் முதலில் வருவது மேற்கு, பிறகு கிழக்கு. அவர் பயணம் போன அதே வரிசை! அலெப்போவில் பிறந்த ஒரு பையன் நாலு கோடை சிரியாவில் சுற்றிவிட்டு ஐந்தாவது கோடையில் நார்மண்டிக்கு வந்திருந்தால், இதே உழைப்பு, இதே கூர்மையோடு, நேர் எதிரான தீசிஸை எழுதியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாதது என்று இன்னொன்று. யோர்தான் பள்ளத்தாக்கின் மேலே பெல்வாய் என்கிற கோட்டை. 1168இல் ஹாஸ்பிட்டலர் துறவி வீரர்கள் அந்த இடத்தை வாங்கிக் கட்டியது. ஒரு சதுரக் கோட்டைக்குள் இன்னொரு சதுரக் கோட்டை, மூலைக்கு மூலை கோபுரம், துல்லியமான இரட்டைக் கோட்டை. மேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு ஒழுங்கான ஒன்று கட்ட இன்னும் நூறு வருடம் ஆக வேண்டியிருந்தது. லாரன்ஸ் காலத்தில் அந்தக் குன்றின் மேல் இடிபாடும் அதன் மேலேயே ஒரு அரபு கிராமத்து வீடுகளும்தான். முழு பிளான் வெளிப்பட்டது 1960களின் அகழாய்வில். 1909இல் எவ்வளவு கூர்மையான கண் அங்கே போய் நின்றிருந்தாலும் பார்த்திருக்க முடியாது.

டெம்ப்ளர்கள் பைசாந்திய வழியில் கட்டினார்கள், ஹாஸ்பிட்டலர்கள் பிரெஞ்சு வழியில் கட்டினார்கள் என்று லாரன்ஸ் இரண்டு பள்ளிகளாகப் பிரிப்பதும் இன்று நிற்கவில்லை. விட்டுவிடலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு லாரன்ஸைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஒருவழிப் பாதையாக இருந்த பழைய கதை அவர் எழுதிய பிறகு பழையபடி நிற்க முடியாமல் போனது. பின்னால் வந்த ஹியூ கென்னடி (1994), ரோனி எல்லன்ப்ளும் (2007) போன்றவர்கள் 'யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்' என்கிற கேள்வியையே தாண்டிவிட்டார்கள். எல்லன்ப்ளும் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது: எதிரி முற்றுகைக் கருவியைப் பெரிதாக்கினால் இவன் சுவரைத் தடிமனாக்குவான், அதைப் பார்த்து அவன் வேறு யோசிப்பான், இரண்டு பக்கமும் சண்டை போட்டே ஒருவரை ஒருவர் மாற்றிக்கொண்டார்கள். கிழக்கு மேற்கு என்று கோடு கிழித்து மார்க் போடுகிற பழக்கம் லாரன்ஸுக்கு எதிராளிகளிடமிருந்தே வந்தது. அவர் விடையைத் திருப்பிப் போட்டார், கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டார்.

இனி இரண்டாம் பாகம். கடிதங்கள். எனக்குத் தீசிஸைவிட இவை மேல் என்று படுகிறது, நடை அழகுக்காகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தில் அம்புத்துளையின் வடிவமும் அகழியின் அமைப்பும் வரி வரியாக வரும். அந்த அம்மா இதையெல்லாம் படித்தாரோ, பத்திரமாகப் பெட்டியில் வைத்தாரோ! நடுவே லே போ குன்றிலிருந்து தூரத்தில் மத்தியதரைக் கடல் பளிச்சென்று தெரிந்த நிமிடம் வரும். கிழக்கு என்கிற ஆசை அந்தப் பையனுக்குள் எரிய ஆரம்பிப்பது அதற்குப் பிறகு வருகிற வரிகளில் தெரியும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஷார்த்ர் கடிதம், 1908 ஆகஸ்டு கடைசி. ஊர் திரும்புகிற வழி. மற்ற பல பிரெஞ்சுக் கதீட்ரல்கள் மாதிரி இதையும் புதுப்பித்துக் கெடுத்து வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நடை போய் முடித்துவிட்டு வரலாம் என்று கிளம்புகிறார். நாள் முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறார். கதவு சாத்துகிற வரை. தான் வைத்திருந்த கணக்கு தப்பு என்று ஒத்துக்கொண்டு, கோட்டையே இல்லாத ஒரு கட்டடத்தின் முன்னால், என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாறி எழுதுகிறார்.

அந்த மாதிரி ஒரு காலை சிரியாவில் அவருக்குக் கிடைத்ததாகத் தீசிஸில் நான் எங்கும் பார்க்கவில்லை. கிராக் தே ஷெவாலியேயை உலகத்திலேயே தலைசிறந்த கோட்டை என்று கொண்டாடுகிறார், சாஹ்யூனில் மலையையே குடைந்து வெட்டிய அகழியைப் பார்த்து அசந்துபோகிறார். ஆனால் வியக்கிற இடத்திலும் அவர் கணக்கு மாறுவதில்லை. நினைத்துப் போனது அங்கே கிடைக்கிறது, குறித்துக்கொண்டு அடுத்த கோட்டைக்கு நடக்கிறார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் இந்த வேலை செய்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலேயே பழைய குறிப்புகள் சிலவற்றில், இரண்டு கட்டடங்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, 'ஒற்றுமையைப் பாருங்கள்' என்று எழுதி, எது முந்தியது என்பதை எனக்குத் தோன்றியபடி முடிவு செய்திருக்கிறேன். ஒரு வாசகர் தேதி கேட்டு மெயில் போட்டார். 'நேரில் போய்ப் பார்த்தால் உங்களுக்கே புரியும்' என்று பதில் எழுதினேன். அவர் மறுபடி எழுதவில்லை. அந்த இரண்டு குறிப்புகளையும் இந்த வாரம் திருத்தப் போகிறேன்.

கயாரிலிருந்து இறங்கும்போது மணி ஐந்தரை. வெர்னோன் கடைக்காரர் ஆறரைக்குக் கடை சாத்துவேன் என்று சொல்லியிருந்தார். காலையில் இதே சாலையில் வந்தபோது ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தேன், பின்னால் திரும்பவே இல்லை. சாயந்திரம் எதிர்த்திசையில் போகும்போதுதான், போர்-மோர் கிராமம் வரைக்கும் அந்த வெள்ளைப் பாறைகளின் மறுபக்கம் கண்ணில் பட்டது. காலையில் அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது. நின்று பார்க்க நேரமில்லை, மிதித்தேன்.